ஒரு பாடம் தவறினால் உதவித்தொகை நின்றுவிடுமா?

அரசின் கல்வி உதவித்தொகை படிப்பு முழுமைக்கும் ஒரே தடவையில் வழங்கப்படுவதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. முதலாண்டில் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் காட்டி உதவி பெற்ற மாணவர், இரண்டாம் ஆண்டில் தாம் படிப்பில் முன்னேறியிருப்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பெங்களூரின் கல்லூரிகளில் தேர்வு முடிவு வெளியாகும் காலத்தில் எழும் கலக்கத்திற்கு இதுவே காரணம். முன்னேற்றம் என்பதை மதிப்பெண் என்று எண்ணிக்கொள்ளும் மாணவர், ஒரு பாடம் பேக்லாக் ஆகிவிட்டாலே உதவி போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார். சிலர் புதுப்பிப்பு விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவதும் உண்டு. மிகப் பெரிய திட்டத்தின் விதிகளோ மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அடுத்த வகுப்புக்கு உயர்வு, ஒழுங்கான வருகை, நன்னடத்தை ஆகிய மூன்றையே அவை கேட்கின்றன.

அந்தத் திட்டம், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய, மாநில அரசுகளின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான உதவி. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இது, இன்றும் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திரும்பப் பெற இயலாத கட்டாயக் கட்டணங்களை ஈடுசெய்வதோடு, படிப்புப் படி ஒன்றையும் வழங்குகிறது. 2021-ஆம் ஆண்டின் புதிய நெறிமுறைகளின்படி செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பின்னரே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும், வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கு 7,000 ரூபாயும் படிப்புப் படியாகக் கிடைக்க, பி.ஏ., பி.காம். போன்ற மூன்றாம் பிரிவினருக்கு அது முறையே 6,000, 3,000 என்று குறைகிறது.

வகுப்பு உயர்வைப் பற்றி இத்திட்டத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுவது கவனத்துக்குரியது. பல ஆண்டுகள் தொடரும் ஒரு படிப்பில் மாணவர் அடுத்த வகுப்புக்கு உயர்த்தப்பட்டால் உதவி புதுப்பிக்கப்படும் என்று சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. கீழ் வகுப்பில் முழுத் தேர்ச்சி பெறாமலேயே பல்கலைக்கழக விதிப்படி மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டு, விடுபட்ட தேர்வைப் பின்னர் எழுத வேண்டிய நிலையில் உள்ள மாணவரும், ஏனைய தகுதிகள் இருப்பின், மேல் வகுப்புக்கான உதவித்தொகையைப் பெற உரிமையுடையவர் என்று அது தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் அரியர் என்றும் பெங்களூர் மாணவர்கள் பேக்லாக் என்றும் சொல்லும் பாக்கிப் பாடம் ஒன்றோ இரண்டோ இருப்பதால் மட்டும் உதவி நிற்பதில்லை என்பதே இதன் பொருள்.

அப்படியானால் உதவி எங்கே நிற்கும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வகுப்பு உயர்வு விதியே தீர்மானிக்கிறது. பெங்களூரின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் 1998-இல் தொடங்கப்பட்ட, பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரே ஆண்டின் இரு பருவங்களுக்கு இடையே தடையின்றிச் செல்ல விடும் அப்பல்கலைக்கழகம், ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குச் செல்லும்போது பாக்கிப் பாடங்களுக்கு வரம்பு விதிக்கிறது. நான்கு பாடங்கள் என்பது அங்கு நெடுங்காலமாக வழங்கிவந்த வரம்பு; முதலாண்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறாதவர் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைய முடியாது என்பது அதனோடு சேர்ந்த இன்னொரு நிபந்தனை. பாடத்திட்டம் மாறும்போது இவ்வரம்புகளும் மாறக்கூடும் என்பதாலும், தன்னாட்சிக் கல்லூரிகள் தமக்கெனத் தனி விதிகள் வைத்திருப்பதாலும், தாம் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறையை மாணவர் கேட்டு அறிந்துகொள்வது அவசியம். வரம்பைத் தாண்டியவர் அதே ஆண்டில் நிறுத்தப்படுகிறார். மாணவர் பேச்சில் அதற்கு இயர் பேக் என்று பெயர். உதவித்தொகைக்கு உண்மையான ஆபத்து பேக்லாக் அன்று, இந்த இயர் பேக்.

இயர் பேக் ஆனவருக்கும் கதவு முற்றாக அடைக்கப்படவில்லை. முதல் பிரிவுப் படிப்பில் இருப்பவர் முதல் தடவை தேர்வில் தவறினால் உதவியைப் புதுப்பிக்கலாம் என்றும், இரண்டாம் தடவையும் அதற்குப் பிறகும் தவறினால் அடுத்த வகுப்புக்கு உயரும்வரை செலவை மாணவரே ஏற்க வேண்டும் என்றும் அதே நெறிமுறை வகுத்தது. பொறியியல் மாணவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை பி.ஏ. மாணவருக்குக் கிடையாது. கட்டணம் அதிகமுள்ள படிப்பில் ஓராண்டு இழப்பு பெரிது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆயினும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வருவோரில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பாகுபாட்டை நியாயப்படுத்துவது கடினம். நோயினாலோ எதிர்பாராத வேறு நிகழ்வினாலோ ஆண்டுத் தேர்வையே எழுத முடியாமல் போனவருக்கு உரியது மற்றொரு விதி. மருத்துவச் சான்றோ தக்க வேறு ஆவணமோ கொடுத்து, தேர்வு எழுதியிருந்தால் இவர் தேறியிருப்பார் என்று கல்லூரி முதல்வரும் சான்றளித்தால், அடுத்த ஆண்டுக்கு உதவி புதுப்பிக்கப்படலாம். எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான இவ்விதியை அறிந்த மாணவர்கள் மிகக் குறைவாகவே இருப்பர்.

வருகைப் பதிவைப் பொறுத்தவரை, விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பாடத்திலும் 85 விழுக்காடு கேட்கிறது. தக்க காரணம் இருந்து முதல்வர் பரிந்துரைத்தால் துணைவேந்தர் 10 விழுக்காடு வரை தளர்த்தலாம். ஒரு பருவத்தில் 50 வகுப்புகள் நடக்கும் பாடத்தை எடுத்துக்கொண்டால், 43 வகுப்புகளுக்கு வந்தவருக்குச் சிக்கல் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வகுப்புகள் வரை தவறவிட்டவர் தளர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதின்மூன்றாவது வகுப்பையும் தவறவிட்டவர் அந்தப் பாடத்தின் தேர்வை எழுதவே முடியாது. தேர்வு எழுத முடியாத பாடம் பாக்கிப் பாடங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, வகுப்பு உயர்வையும் அசைத்துவிடும். ஆகவே வருகைக் குறைவு உதவித்தொகையை இரு வழியில் தாக்குகிறது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் மதிப்பெண்ணைவிட இந்தக் கணக்கையே கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்னடத்தை விதி சற்று உறுத்தலானது. வேலைநிறுத்தத்தில் ஈடுபடுதல், அனுமதியின்றி வராதிருத்தல் போன்ற குற்றங்களுக்காகக் கல்லூரித் தலைவர் அறிக்கை அனுப்பினால், வழங்கும் அதிகாரி உதவியை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ முடியும். உதவித்தொகை தாமதமானதற்காகப் போராடும் மாணவரின் உதவித்தொகையையே நிறுத்திவிட இடம் தரும் இவ்வாசகம், குடியாட்சி நாட்டின் விதியேட்டில் இருக்கத் தகுந்ததன்று. முன் அனுமதியின்றிக் கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்றுவதும் ரத்துக்குக் காரணமாகலாம். ஆண்டின் நடுவில் படிப்பைக் கைவிட்டவரிடம் வாங்கிய தொகையைத் திரும்பக் கேட்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

மதிப்பெண்ணைக் கேட்கும் திட்டங்களும் இல்லாமல் இல்லை. அவற்றின் விதிகளை இதனோடு குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறான எண்ணங்களுக்கு வேர். மேல்நிலைத் தேர்வில் முன்னணியில் வந்த, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மிகாத மாணவர்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்குகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கிடைக்கும் இவ்வுதவியைப் புதுப்பிக்க, முந்தைய ஆண்டுத் தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். கர்நாடகச் சமூக நலத்துறை பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தரும் ஊக்கப்பரிசோ இன்னும் கறாரானது. முதல் முயற்சியிலேயே முதல் வகுப்பில் தேறியவருக்கு மட்டுமே அது உரியது. அதை இழந்தவர் போஸ்ட் மெட்ரிக் உதவியையும் இழந்துவிட்டதாகக் கருதத் தேவையில்லை. ஒன்று திறமைக்குத் தரும் பரிசு, மற்றது வறுமைக்கு ஈடு.

கர்நாடகத்தில் இத்திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாநில உதவித்தொகைத் தளமான எஸ்எஸ்பி வழியாக ஒரே விண்ணப்பமே போதும். ஆதார் எண்ணோடு தொடங்கும் அவ்விண்ணப்பத்தில், 'நாட கச்சேரி' எனப்படும் வருவாய்த்துறை அலுவலகம் வழங்கிய சாதி, வருமானச் சான்றுகளின் ஆர்.டி. எண்களையும் பல்கலைக்கழகப் பதிவு எண்ணையும் நிரப்ப, விவரங்களைக் கல்லூரி சரிபார்க்க, சமூக நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், சிறுபான்மையினர் நலம் ஆகிய துறைகளுள் உரியது அதைப் பரிசீலிக்கிறது. படிப்பில் எக்குறையும் இல்லாதவரின் புதுப்பிப்பும் இங்கே முடங்கக்கூடும். வருமானச் சான்று ஐந்தாண்டுகளில் காலாவதியாகும். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு செயலற்றுக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபட்டாலும் தடை எழலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவதா பின்னால் இடுவதா என்பதில் பள்ளிக்கும் ஆதாருக்கும் ஒத்துப்போகாத தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தொல்லை புதிதன்று.

பெங்களூர்த் தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறானது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் பிறந்த மாநிலத்தின் பட்டியல் சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இடம்பெற்றிருப்பதால், தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து கர்நாடகச் சான்று பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள் எஸ்எஸ்பியில் விண்ணப்பிக்கலாம். படிப்பதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தமிழ்நாடு அரசிடமே கேட்க வேண்டும். பின்னவரின் வகுப்பு உயர்வுக்கும் வருகைக்கும் பெங்களூர்க் கல்லூரி சான்றளிக்க, பணத்தைச் சென்னை அனுப்புவதால், அவர் இரண்டு அலுவலகங்களின் காலக்கெடுவையும் கவனிக்க வேண்டியவராகிறார்.

பிற நாடுகளில் இதே பிரச்சினை எவ்வாறு கையாளப்படுகிறது என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்கக் கூட்டாட்சி உதவி பெறும் மாணவர், எடுத்த பாட அலகுகளில் ஏறத்தாழ 67 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும், பொதுவாக 2.0 தரப்புள்ளி சராசரியை எட்டியிருக்க வேண்டும். படிப்புக்குரிய அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. ஜார்ஜியா மாநிலம் 1993-இல் தொடங்கிய ஹோப் உதவித்தொகை 30, 60, 90 அலகுகளின் முடிவில் 3.0 சராசரியைச் சோதித்து, குறைந்தவரின் உதவியை நிறுத்துகிறது. எண்களைப் பார்த்தால் இவை நம் விதிகளைவிடக் கடுமையானவை. ஆனால் கூட்டாட்சி உதவியை இழந்தவர் உறவினரின் மரணம், நோய், விபத்து போன்ற காரணங்களைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். கல்லூரி அதை ஏற்றால் ஒரு பருவம் கண்காணிப்பில் உதவி தொடரும். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்கென்று தனிப் படிவமும் உண்டு. நம் விதி கருணையுள்ளது. ஆனால் அக்கருணையைக் கேட்டுப் பெறும் வழி மாணவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

எனவே புதுப்பிப்புக் காலத்தில் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் கல்லூரிகள், பாக்கிப் பாடத்தோடு மேல் வகுப்புக்குப் போனவருக்கும் உதவி உண்டு, நோயால் தேர்வு எழுதாதவர் முதல்வரின் சான்றோடு விண்ணப்பிக்கலாம் என்ற இரு வரிகளையும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்து ஒட்ட வேண்டும். மாணவர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது, பேக்லாக் இருக்கிறது என்று தாமே விலகிக்கொள்ளாமல் விண்ணப்பத்தைப் போடுவதும், அது நிராகரிக்கப்பட்டால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்பதும்தான்.