கரும்பு தின்னக் கூலி: பிரிட்டனும் மொரீஷியஸும்

நம்ம சங்கத்து நண்பர் ஒருவர் மொரீஷியஸ் போய்விட்டு வந்தபோது அந்த ஊர் ரூபாய் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் தொகை அச்சாகியிருந்தது. கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்து மகிழ்ந்தோம். அவருடைய மகன் மட்டும், "அங்கிள், தமிழ் எப்படி அங்க போச்சு?" என்று கேட்டான். "சர்க்கரையில போச்சுப்பா" என்றேன். அது பாதி பதில்தான். மீதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அந்தத் தீவில் இருந்தார்கள். 1810-இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. 1825-இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் பிரிட்டனில் ஒரே இறக்குமதி வரி என்று ஆக்கினார்கள். இந்த ஒரு வரி மாற்றம் தீவையே கரும்புக்காடாக மாற்றிவிட்டது. அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போய் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. வாங்குகிற நாட்டின் வரிச் சட்டம், விற்கிற நாட்டின் மக்கள்தொகையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உறுதியான விலை

1968 மார்ச் 12-இல் மொரீஷியஸ் சுதந்திரம் பெற்றது. அன்றைக்கு அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டன். 1951-இல் ஏற்பட்ட காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தப்படி, இத்தனை டன்னுக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வாங்கிவந்தார்கள்.

1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஐரோப்பாவிலோ பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் விவசாயிகள் ஏராளம். கரும்புச் சர்க்கரைக்கு அங்கே இடம் ஏது? ஆனால் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த சுத்திகரிப்பு ஆலைக்குக் கரும்புச் சர்க்கரை வந்தால்தான் வேலை ஓடும். அந்த நேரம் பார்த்து 1974-இல் உலகமெங்கும் சர்க்கரைத் தட்டுப்பாடு. விலை விண்ணைத் தொட்டது. வேறு யாராக இருந்தாலும், "இப்பவே வித்துக் காசாக்கிடுவோம்" என்றுதான் நினைத்திருப்பார்கள். மொரீஷியஸோ அன்றைய உச்ச விலையைவிட நெடுநாள் உறுதியே மேல் என்று முடிவெடுத்தது.

அதன் பலன்தான் 1975-இல் லோமே ஒப்பந்தத்தோடு இணைந்த சர்க்கரை நெறிமுறை. ஆப்பிரிக்க, கரீபியன், பசிபிக் நாடுகளுக்கு மொத்தம் சுமார் 13 லட்சம் டன் ஒதுக்கீடு. அதில் மொரீஷியஸுக்கு மட்டும் ஏறத்தாழ 4.9 லட்சம் டன். எல்லா நாடுகளிலும் இதுவே பெரிய பங்கு. உலகச் சந்தை விலை பின்னர் சரிந்தபோதும், ஐரோப்பிய விலை பல ஆண்டுகள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. 'கரும்பு தின்னக் கூலியா' என்போமே, இங்கே நிஜமாகவே கூலி கொடுத்தார்கள்!

ஆனால் கூலியில் ஒரு பிடி இருந்தது. தீவிலிருந்து போனது பெரும்பாலும் சுத்திகரிக்காத பழுப்புச் சர்க்கரை. அதை வெள்ளையாக்கிப் பொட்டலம் கட்டி விற்கும் வேலையும் லாபமும் லண்டனுக்கு. விளைச்சலும் வியர்வையும் இங்கே, வெளுப்பு அங்கே.

கூலி நின்றபோது

நெறிமுறைக்குக் காலவரையறை இல்லை என்றே எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதியவர்களே அதை ரத்து செய்யலாம் என்பதைக் காலம் காட்டியது. ஐரோப்பாவின் சர்க்கரை ஏற்பாடுகளை எதிர்த்து பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2005-இல் வென்றன. அதை ஒட்டி ஐரோப்பா தன் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தது. டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த பழுப்புச் சர்க்கரை விலை, படிப்படியாக 335 யூரோ அளவுக்கு இறங்கியது. 2009-இல் நெறிமுறையே முடிந்துபோனது. வழக்கு நடந்தது பெரிய நாடுகளுக்குள். அடி விழுந்தது தீவுக்கு.

மொரீஷியஸ் மூழ்கிவிடவில்லை. காரணம், கூலி வந்துகொண்டிருந்த காலத்திலேயே அது சும்மா இருக்கவில்லை. 1970-லேயே ஏற்றுமதிக்கான தொழில் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. சர்க்கரையில் சேர்ந்த முதலில் ஒரு பகுதி ஆயத்த ஆடை ஆலைக்கும் ஓட்டலுக்கும் போயிற்று. சர்க்கரை ஏற்றுமதிக்கு 1994 வரை அரசு வரி வாங்கியது. 1977-இல் உயர்நிலைக் கல்வி இலவசமாயிற்று. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். 2009-க்குப் பிறகு சுத்திகரிப்பையும் தீவிலேயே தொடங்கி, வெள்ளைச் சர்க்கரையாகவே ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். வெளுப்பு ஒருவழியாக ஊருக்கு வந்தது.

ஆனாலும் விலை கொடுத்தவர்கள் உண்டு. ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் இருந்த ஆலைகள் இன்று மூன்றாகச் சுருங்கிவிட்டன. விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு துண்டு மனையும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் பலர் கட்டுப்படியாகாமல் கரும்பை விட்டுவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த நாலரை லட்சம் பேரின் பேரப்பிள்ளைகள். நாடு பிழைத்தது என்று சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டன் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. மொரீஷியஸ் பொருள்களுக்கு வரியில்லா அனுமதியை 2021 முதல் தனி ஒப்பந்தத்தின் மூலம் தொடர்ந்தது. அதே ஆண்டு, எந்த நாட்டிலிருந்தும் 2,60,000 டன் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை வரியில்லாமல் வரலாம் என்றும் கதவைத் திறந்தது. எல்லோருக்கும் திறந்த கதவில் தனிச்சலுகைக்கு என்ன மதிப்பு? பிரேசில் போன்ற பெரிய நாட்டோடு மலிவு விலையில் ஒரு சின்னத் தீவு போட்டி போட முடியுமா?

பணக்கார நாடு சின்ன நாட்டுக்குத் தரும் நல்ல விலை தானமும் அல்ல, மோசடியும் அல்ல. அது ஒரு தவணை. வாங்குகிறவருக்குத் தேவை இருக்கும்வரை வரும், பிறகு நிற்கும். தவணை வரும்போதே அடுத்த பிழைப்புக்கு வழி தேடியவர் தப்பிப்பார். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து ஒரே கம்பெனிச் சம்பளத்தை நம்பியிருக்கும் நமக்கும் இது புரியாத கணக்கு அல்ல.

அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பதில் இதுதான்: தமிழ் அந்த நோட்டில் ஏறியது சர்க்கரையால் மட்டுமல்ல தம்பி. சர்க்கரை விலை இறங்கின பிறகும் அங்கேயே ஊன்றி நின்ற மனுஷங்களால்.