டைப்ரைட்டர் கம்பெனியின் துப்பாக்கி

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கி ஒன்றின் ரிசீவரில், அதாவது குழலும் போல்ட்டும் வந்து பொருந்தும் அந்த எஃகுப் பகுதியில், ‘ஸ்மித்-கொரோனா’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு அது வியப்பாக இருக்கும். கடிதம் அடிக்கும் பொறி செய்த கம்பெனிக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை? அந்தக் கம்பெனியின் வேர் துப்பாக்கிப் பட்டறையில்தான் இருந்தது.

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் லைமன் கார்னீலியஸ் ஸ்மித் 1880களில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளைத் தயாரித்தார். ‘எல்.சி. ஸ்மித்’ துப்பாக்கிக்கு இன்றும் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் தனி மதிப்பு உண்டு. அவருடைய பட்டறையில் வேலை செய்த அலெக்சாண்டர் பிரவுன் என்ற கண்டுபிடிப்பாளர் துப்பாக்கியையும் வடிவமைத்தார், டைப்ரைட்டரையும் வடிவமைத்தார். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசைகள் கொண்ட ‘ஸ்மித் பிரீமியர்’ அப்படிப் பிறந்ததுதான். அது நன்றாக விற்கவே, ஸ்மித் துப்பாக்கித் தொழிலை ஹன்டர் குடும்பத்துக்கு விற்றுவிட்டார். 1903இல் ஸ்மித்தும் அவருடைய சகோதரர்களும் தங்கள் பெயரிலேயே புதிய டைப்ரைட்டர் கம்பெனி தொடங்கினார்கள். குரோட்டன் ஊரில் இயங்கிய கொரோனா கம்பெனி 1926இல் அதனோடு இணைந்தது. மடக்கிக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ‘கொரோனா 3’ மூலம் கொரோனா கம்பெனி ஏற்கெனவே பத்திரிகையாளர்களிடையே புகழ்பெற்றிருந்தது.

நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் படித்தவர்கள் மறக்காத ரெமிங்டன் பெயரின் பின்னாலும் இதே கதைதான். 1870களில் அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான டைப்ரைட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்த ரெமிங்டன், இலியன் ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலை. இரண்டு பொருள்களுக்கும் தேவைப்பட்டது ஒரே கைத்திறன்தான்: சின்னச் சின்ன எஃகு உறுப்புகளை மயிரிழை பிசகாமல், ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்தும் அளவுக்கு, ஆயிரக்கணக்கில் செய்யும் திறன்.

அமெரிக்கா போரில் இறங்கியபோது இந்தத் திறன் மறுபடியும் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. புதிய எம்1 காரண்ட் துப்பாக்கி எல்லாப் படைகளுக்கும் போதவில்லை. அதனால் பழைய 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியை எளிமையாக்கி, 1942இல் ‘எம்1903ஏ3’ என்ற வடிவத்துக்கு ராணுவம் ஒப்புதல் தந்தது. கடைந்தெடுத்த பல உறுப்புகளுக்குப் பதிலாக, தகட்டை அச்சில் அழுத்திச் செய்த உறுப்புகள் வந்தன. விசைக் காப்பு, குழல் வளையங்கள், அடித்தகடு எல்லாம் அப்படித்தான். தகட்டு வேலை டைப்ரைட்டர் செய்தவர்களுக்குக் கைவந்த கலை. போர்க்காலத்தில் டைப்ரைட்டர் தயாரிப்பை அரசு கட்டுப்படுத்தியிருந்ததால் ஆலையிலும் இடம் இருந்தது.

1942 அக்டோபர் முதல் 1944 பிப்ரவரி வரை ஸ்மித்-கொரோனா 2,34,580 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. அதே மாதிரியை ரெமிங்டன் ஏழு லட்சத்துக்கும் மேல் செய்தது. குழல்களை ஸ்மித்-கொரோனா தானே செய்யவில்லை. ஹை ஸ்டாண்டர்ட், சாவேஜ் கம்பெனிகளிடமிருந்து வாங்கிப் பொருத்தியது. இதே கம்பெனி எம்-209 என்ற ராணுவச் சங்கேதப் பொறியையும் பெரும் எண்ணிக்கையில் செய்தது. விசைகளையும் சக்கரங்களையும் நன்கறிந்தவர்களுக்கு அது மிகப் பொருத்தமான பணி என்றே நினைக்கிறேன்.

போருக்குப் பின் கம்பெனி தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது. கணினி வந்தபின் நலிந்து, 1995இல் திவால் மனு கொடுத்தது. இன்று ஓஹயோ மாநிலத்தில் லேபிள்கள் தயாரிக்கிறது.

துப்பாக்கிகளின் கதை வேறு. அரசு அவற்றைப் பொதுமக்களுக்கு மிகக் குறைந்த விலையில் விற்றது. வாங்கியவர்களில் பலர் மரக்கட்டையை அறுத்தார்கள், பின்பக்கக் குறிபார்ப்பானைக் கழற்றினார்கள், தொலைநோக்கி மாட்ட ரிசீவரில் துளையிட்டார்கள். மான் வேட்டைக்கு நல்ல துப்பாக்கி கிடைத்தது, வரலாற்றுப் பொருள் ஒன்று போனது. இன்னும் பல துப்பாக்கிகள் சுட முடியாதபடி பற்றவைக்கப்பட்டு மாணவர் அணிவகுப்புக்குப் போயின. அப்படிப் பற்றவைத்ததை மறுபடி சுடும்படி மாற்றி விற்பவர்களும் உண்டு. சூடு பட்டு உறுதி குலைந்த எஃகு உயிருக்கே ஆபத்து.

ஆகவே, மாற்றப்படாத ஸ்மித்-கொரோனா துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அடையாளம் காண்பது எளிதல்ல. ரெமிங்டன் தன் சின்ன உறுப்புகளில்கூட ‘ஆர்’ என்ற எழுத்தைப் பதித்தது. ஸ்மித்-கொரோனாவோ பெரும்பாலான உறுப்புகளைக் குறியின்றியே விட்டது. குழலில் ‘எஸ்சி’ என்ற எழுத்துகளும் தீப்பற்றிய குண்டுச் சின்னமும் மாதமும் ஆண்டும் இருக்கும். ராணுவப் பட்டறைகளில் பழுதுபார்த்தபோது இரு கம்பெனிகளின் உறுப்புகளும் கலந்துவிட்டன. உள்ளே ஆறு சுழல் வரிப்பள்ளம் கொண்ட தொடக்க காலக் குழல் இருந்தால் மதிப்பு கூடும். தொலைநோக்கி பூட்டிய ‘ஏ4’ மாதிரி என்று சொல்லி ஒரு ஸ்மித்-கொரோனாவை யாராவது விற்க வந்தால் நம்பக்கூடாது. அந்த மாதிரியை ரெமிங்டன் மட்டுமே செய்தது.

பளபளப்பு வேண்டும் என்று பழைய வால்நட் கட்டையை இழைத்து வார்னிஷ் பூசுவது பெரும் பிழை. ஆய்வாளர் முத்திரையும் கைபட்ட தேய்மானமும் அதோடு போய்விடும். கம்பெனியின் டைப்ரைட்டர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, மாற்றப்படாத துப்பாக்கிகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. அப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் அதில் எதையும் மாற்றாமல், எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலே போதும்.