முடிவுறாத பஞ்சம வட்டம்

ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் திராமன் நகரில், 1961-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'ஸ்பிராலென்' என்னும் சுரங்கப் பாதையொன்று, 1,650 மீட்டர் நீளத்தில், குன்றின் வயிற்றுக்குள்ளேயே ஆறு முறை சுற்றிச் சுற்றி மேலேறுகின்றது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வண்டி, முன்பு இருந்த இடத்திற்கு நேர்மேலே வந்து சேருமேயன்றி, அதே இடத்திற்கு மீள்வதில்லை. சங்கீதத்தில் ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து செல்லும் வழியும் இத்தகையதே. ஷட்ஜத்திற்குப் பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம் என்று, 3:2 என்ற சுத்தமான விகிதத்தில் பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு ஸ்தாயிகள் கடந்து மறுபடியும் ஷட்ஜத்தையே அடைந்துவிட்டதாகச் செவி எண்ணும். கணக்கோ, ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் என்று வகுத்துக்கொண்டால், சுமார் 23.5 சென்ட் மிகுந்துவிட்டது என்று காட்டும்.

பியானோவும் ஆர்மோனியமும் இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் 2 சென்ட் அளவு குறைத்து, வட்டத்தை வலிந்து மூடிவிடுகின்றன. பஞ்சமத்திற்கு இதனால் பெரிய தீங்கில்லை. அடி விழுவது அந்தர காந்தாரத்தின்மேல்தான். நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து தானே எழும் ஸ்வயம்பு காந்தாரம் 386 சென்டில் நிற்க, ஆர்மோனியத்தின் காந்தாரமோ 400-இல் நிற்கின்றது. ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒரே கணத்தில் ஒலிப்பதே உயிர்நாடியாகிய மேல்நாட்டுச் சங்கீதத்தில், இந்த 14 சென்ட் வித்தியாசம் மறைந்திருக்க வழியில்லை. பியானோவின் நடு ஸ்தாயியில் ஷட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தினால், அவற்றின் மேல் எழும் ஸ்வயம்பு ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதி, வினாடிக்குப் பத்துத் தடவை போல நாதம் அதிர்ந்து நடுங்குகின்றது.

இந்தப் பங்கீட்டால் இழந்தது என்ன என்பதற்குத் திராமன் நகரத்தின் புத்திரர் ஒருவரே சாட்சி. 1864-இல் அங்கே பிறந்த வயலின் வித்துவானும் ஸாஹித்தியகர்த்தருமான யோஹான் ஹால்வோர்சென், தெலெமார்க் பிரதேசத்தைச் சேர்ந்த முதியவரான க்னூட் டாலெ என்பவர் நார்வேக் கிராமிய வாத்தியமாகிய ஹார்டாங்கர் வயலினில் வாசித்த கிராமிய நடன மெட்டுக்களை, ஸாஹித்தியகர்த்தர் எட்வர்ட் கிரீக்கின் வேண்டுகோளின்படி 1901-ஆம் ஆண்டில் ஸ்வரப்படுத்தினார். அவற்றுள் பதினேழைக் கிரீக் பியானோவுக்கு அமைத்து 1903-இல் வெளியிட்டார். சுத்த மத்தியமம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் பிரதி மத்தியமம் போன்ற ஏதோ ஒன்று தலைகாட்டுவது இருவரையும் வியப்பில் ஆழ்த்தியதை அவர்களுடைய கடிதங்கள் உரைக்கின்றன. இயற்கையில் பதினோராவது ஸ்வயம்பு ஸ்வரம் 551 சென்டில், அவ்விரு மத்தியமங்களுக்கும் ஏறக்குறைய நடுவே, ஒலிக்கின்றது. பியானோவில் அதற்குரிய கட்டையே இல்லையாதலால், கிரீக் போன்ற மேதைக்குக்கூட இருப்பதில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதன்றி வேறு வழியில்லை.

அதே 1901-இல், அதே தெலெமார்க்கில் பிறந்த ஏய்விந்த் குரோவென், துளைகளே இல்லாத வில்லோ மரப்பட்டைக் குழலின் ஸ்வரங்களை ஆராய்ந்து, 1927-இல் 'இயற்கை ஸ்வர வரிசை' பற்றி ஒரு நூல் இயற்றினார். கிராமியச் சங்கீதத்தின் விசித்திர ஸ்வரங்கள் பிழைகளல்ல, இயற்கையே அளித்தவை என்பது அவருடைய சித்தாந்தம். அத்துடன் நில்லாமல், ஒரு ஸ்தாயிக்கு 36 ஸ்வரங்கள் கொண்ட ஆர்கன் ஒன்றையும் நிர்மாணித்தார். வாசிப்பவர் விரல் படுவது வழக்கமான பன்னிரண்டு கட்டைகளில்தான். எந்தெந்தக் கட்டைகள் சேர்ந்து அழுந்துகின்றன என்பதை மின்சார ரிலேக்கள் கண்டறிந்து, அந்தக் கூட்டுக்குப் பொருந்திய சுத்த ஸ்வரத்தைக் கணத்தில் தேர்ந்தளிக்கும். கணினி வீட்டுப் பொருளாவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரு கருவி தன் சுருதியைத் தானே நிதானித்துக்கொள்ளச் செய்த அந்த யுக்தி என்னை மிகவும் கவர்கின்றது. ஆயினும் அந்தச் சுத்தத்தின் அடியிலும் ஒரு சிறு சமரசம் உண்டு. ஷட்ஜத்திலிருந்து எட்டுப் பஞ்சமங்கள் கீழிறங்கினால் கிடைக்கும் ஸ்வரம், இயற்கைக் காந்தாரத்துக்கு 2 சென்டுக்கும் குறைவாகவே விலகி நிற்கின்றது. அந்த அணுவளவு இடைவெளியை இல்லையென்று கொண்டதனாலேயே 36 ஸ்வரங்கள் போதுமானவையாயின.

ஆனால் சமரசம் என்பது இழப்பு மட்டுமே என்று முடிவு கட்டுவது அநியாயம். ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் என்னும் மூன்றையும் பியானோவில் சேர்த்து ஒலித்தால், ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் 400 சென்ட். தைவதத்திலிருந்து மேல் ஷட்ஜத்திற்கும் அதுவே. மூன்றில் எது ஆதாரம் என்று சொல்ல முடியாத இந்தக் கூட்டு, எந்தத் திசையிலும் திரும்ப வல்லது. சுத்தமான காந்தாரங்களை மூன்று முறை அடுக்கினாலோ, ஸ்தாயி நிறைவதற்கு 41 சென்ட் குறைந்துவிடும். அவ்வாறே ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், சதுச்ருதி தைவதம் என்னும் நான்கின் கூட்டும், சுத்த விகிதத்தில் அடுக்கினால் 63 சென்ட் மிஞ்சிவிடும். சமமான பங்கீடு இல்லாவிடில் இவ்விரண்டும் எல்லாப் பக்கமும் சமமாக மூடிக்கொண்டிரா. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஸாஹித்தியகர்த்தர்கள் ஒரு சுருதியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்ல இவற்றையே வாசலாகக் கொண்டனர். ஸ்தாயியைப் பன்னிரண்டாகவன்றி முப்பத்தொன்றாகச் சமமாகப் பிரித்தால், இந்த மூன்று ஸ்வரக் கூட்டு அதே வடிவில் மூடிக்கொள்வதில்லை. இல்லையென்று கொள்ளப்படும் சிறு மிச்சங்கள் வேறாகி, கூடும் கூட்டுக்களும் வேறாகிவிடுகின்றன.

இவ்வாறு வட்டத்தை மூட நம் நாட்டில் முயன்றவரும் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், ஒரு ஸ்தாயிக்கு இருபத்திரண்டு சுருதிகள் என்ற கொள்கையை மறுத்து, பண்டைத் தமிழ்ப் பாலை முறைகளான ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்துநான்கு என்று சம இடைவெளிகளை நிலைநாட்ட அரும்பாடுபட்டார். பஞ்சமங்கள் முடிவில் தொடங்கிய இடத்தையே அடைய வேண்டும் என்பது அவருடைய உறுதி. இராகத்தின் நுண்மையைக் கேட்டு வளர்ந்த செவி அவரோடு பல இடங்களில் மாறுபடும், நானும் மாறுபடுகின்றேன். ஆயினும் வட்டம் மூடும்போதுதான் சில காரியங்கள் கைகூடும் என்ற அளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

கட்டைகளின் சுருதியைத் தனித்தனியே மாற்ற இடந்தரும் மின்னணுக் கீபோர்டு கைவசமுள்ளவர்கள் சமப் பங்கீட்டின் இந்த இழப்பையும் ஆதாயத்தையும் செவியாலேயே சோதிக்கலாம். அந்தர காந்தாரத்தை மட்டும் 14 சென்ட் தணித்து, ஷட்ஜ பஞ்சமங்களோடு ஒலிக்கச் செய்தால், நடுக்கம் பெரும்பாலும் அடங்கி நாதம் தெளியும். பிறகு, அதே காந்தாரத்தோடு ஷட்ஜத்தையும் சுத்த தைவதத்தையும் சேர்த்து அழுத்துக. காந்தாரத்திற்கும் தைவதத்திற்கும் இடையே இப்போது 414 சென்ட் ஆகிவிட்டபடியால், மூன்று பக்கமும் சமமாயிருந்த கூட்டில் ஒரு பக்கம் அகன்று, ஆதாரம் எது என்ற பழைய ஐயத்திற்கு இடமின்றி, ஷட்ஜமே ஆதாரமாக முன்வந்து நிற்பதைக் கேட்கலாம்.