சிறு சரக்கு வண்டிக்கு டயர் தெரிதல்

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது ரெட்டியார்சத்திரம். அதனைச் சூழ்ந்த நிலங்களில் விளையும் தக்காளியும் முருங்கையும் கத்தரியும் சந்தை சேர்ந்தாலன்றி உழவர்க்குப் பொருளாகா. முன்னாளில் இரட்டை மாட்டு வண்டிகள் ஆற்றிய அப்பணியை இந்நாளில் ‘பிக்கப்’ என்றும் ‘சின்ன யானை’ என்றும் மக்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டிகள் ஆற்றுகின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை இடுதல் கொல்லன் கடமை. மோட்டார் வண்டிக்கு டயர் தெரிந்து வாங்குதலோ உடையவன் கடமை. கடன் பெற்று வண்டி வாங்கியவன் இத்தெரிவில் வழுவுவானாயின், கைப்பொருளை மட்டுமன்றி உயிரையும் இழக்க நேரும். எதிரே வருவோர்க்கும் தீங்கு விளையும். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காற்றடைத்த டயருக்கு 1888-ஆம் ஆண்டில் உரிமை பெற்று அதனை வழக்கிற்குக் கொணர்ந்தவர் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர். சுமையைப் பெரும்பான்மையும் தாங்குவது ரப்பர் அன்று; உள்ளே அடங்கிய காற்றே. ரப்பரும் அதனுள் பதிந்த இழைகளும் அக்காற்றைச் சிறைசெய்யும் கலமாம். காற்றுக் குறையினும் சுமை மிகினும் டயரின் பக்கங்கள் சுழற்சிதோறும் பெரிதும் வளைந்து நிமிரும். அவ்வளைவினால் வெப்பம் பிறக்கும். வெப்பம் மிகவே இழைகள் ரப்பரைவிட்டுப் பிரியும். பிரிந்த டயர் வெடிக்கும். மென்மையான மயிலிறகும் அளவு கடந்து ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தினை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அவ்வறிவுரை டயருக்கும் பொருந்துவதே.

எனவே முதற்கண் நோக்கத்தக்கது டயரின் பக்கத்தே பொறித்த எழுத்து. ‘145 ஆர் 12 எல்.டி.’ என்றிருப்பின், 145 என்பது மில்லிமீட்டரில் அகலம்; ‘ஆர்’ என்பது ரேடியல் என்னும் அமைப்பு; 12 என்பது சக்கர வட்டின் அங்குல அளவு; ‘எல்.டி.’ என்பது சிறு சரக்கு வண்டிக்கு உரியது என்னும் குறி. இவற்றையடுத்துச் சுமை எண் வரும். 100 என்னும் எண் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். 104 என்பது 900 கிலோவைக் குறிக்கும். சரக்கேற்றிய ஒரு வண்டியின் பின்னச்சில் 1,800 கிலோ அமர்வதாகக் கொள்வோம். அச்சுக்கு இரண்டு டயராயின் ஒவ்வொன்றின் மேலும் 900 கிலோ விழும். அதற்கு 100 எண்ணுடைய டயர் ஒருபோதும் போதாது; 104 எண்ணுடையதும் எல்லையிலேயே நிற்கும். அதனினும் மிக்கதைக் கொள்வதே அறிவுடைமை. அளவு ஒத்திருத்தல் ஒன்றையே கருதிக் காரின் டயரைச் சரக்கு வண்டிக்கு மாட்டுதல் தீது என்பது இதனால் விளங்கும்.

அடுத்து எழும் வினா, நைலானோ ரேடியலோ என்பது. ஓட்டுநர் ‘நைலான் டயர்’ என்று வழங்குவதில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து கிடக்கும். அதன் பக்கங்கள் தடித்தவை. கல்லையும் முள்ளையும் பொறுக்கும். எனினும் விரைந்து ஓடுங்கால் சூடேறும். ரேடியலில் இழைகள் விளிம்பினின்று விளிம்பிற்கு நேரே ஓட, தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். அது குறைவாகச் சூடேறும், எரிபொருளை மிச்சப்படுத்தும், நெடுந்தொலைவு உழைக்கும். அதன் பக்கமோ மெல்லியது. கல்லுடைக்கும் இடங்களிலேயே உழலும் வண்டிக்கு நைலான் ஏற்றது. தோட்டத்து வண்டிப்பாதையில் சிறிது தூரமும் தார்ச்சாலையில் பெருந்தூரமும் ஓடும் இவ்வூர் வண்டிகளுக்கு ரேடியலே நன்று; வரப்பிலும் கல்லிலும் பக்கம் உராயாமல் ஓட்டுதல் வேண்டும். ஓர் அச்சில் இவ்விரண்டையும் கலந்து மாட்டுதல் கூடாது.

விலை குறைவு என்று கடையில் நெடுநாள் கிடந்த டயரை வாங்குதலும் கேடே. பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2423 என்றிருப்பின் அது 2023-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது. ஓடாவிடினும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும். விலையையும் ஓட்டத்தையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். 6,000 ரூபாய் டயர் 60,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்குச் செலவு 10 காசு. 4,500 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டரில் தேய்ந்தால் 15 காசு. மலிவானது எது என்பதைப் படிப்போரே உணர்வர். ரீட்ரெட் செய்த டயர் பொருள் குறைந்தார்க்கு ஓர் உதவியே. உடல் பழுதறாததாயின் அதனைப் பின்னச்சில் கொள்ளலாம். வண்டியைத் திருப்பும் முன்சக்கரங்களில் இடாதிருத்தல் நலம்.

டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் உள்ளன. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகுமாயின் மாற்றும் காலம் வந்தது என்பது பொருள். ‘இன்னும் ஒரு நடை’ என்று அதனை ஓட்டுதல் பொருந்தாது. மழைநீரை வெளியேற்றப் பள்ளம் இன்மையின் பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கும். புது டயர் மாட்டியபின், வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றை அளத்தலும், சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்தலும், ஸ்டெப்னியையும் மறவாது நோக்குதலும் வேண்டும்.

ஓர் உழவனின் பருவமுழுதும் உழைத்த உழைப்பு, விடியுமுன் ஒரு வண்டியில் ஏறிச் சந்தைக்குச் செல்கின்றது. அவ்வுழைப்புத் தரையைத் தொடும் இடமெல்லாம் நான்கு உள்ளங்கையகலமே. அவ்விடத்தில் செய்யும் சிக்கனம் சிக்கனமாகாது.