கத்தரியும் பசையும் ஒரு சொல்லும்

ஒரு வீட்டில் ஆண்டு ஒன்றுக்குச் சேரும் காகிதம் எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. திருமண அழைப்பிதழ்கள், கோயில் விபூதி மடித்து வந்த துண்டுத்தாள், ரயில் டிக்கெட்டுகள், மளிகைக் கணக்கு, குழந்தை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிப் பார்த்த ஏடு, உறவினர் அனுப்பிய வாழ்த்து மடல் என்று வந்துகொண்டே இருக்கின்றன. பிறகு ஒருநாள் இவை அனைத்தும் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிக் கிலோ கணக்கில் விலையாகி விடுகின்றன. இவற்றுள் பெரும்பகுதி போக வேண்டியதுதான்; அதில் வருத்தமில்லை. ஆனால் எது போகலாம், எது இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பண்டிகைக்கு முந்திய நாள் அவசரமும் அலமாரியின் அளவுமே பல வீடுகளில் அதனைத் தீர்மானிக்கின்றன.

இந்த முடிவை நம் கைக்குள் கொண்டுவருவதற்கு ஏற்ற எளிய கலையே ஒட்டுப் புத்தகம் தயாரித்தல். படங்களையும் துண்டுத்தாள்களையும் ஏடுகளில் ஒட்டி, ஓரங்களை அழகு செய்து, இரண்டொரு வரி குறிப்பெழுதி வைக்கும் இப்பழக்கத்தைப் பள்ளிச் சிறுவரின் விடுமுறை வேலை என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று. நம் நாட்டில் பேரரசர்களும் பெருங்கலைஞர்களும் இதில் ஈடுபட்டிருக்கின்றனர்.

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் காலமானபோது, அவருடைய தகரப்பெட்டி நிறையக் காகிதங்கள் கிடைத்தன. ஒன்றையும் விடக்கூடாது என்ற பக்தியினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய பேரேட்டில் ஒட்டினோம். கடிதங்களை இருபுறமும் பசை தடவி ஒட்டினோம். கிழிந்த இடங்களில் பளபளக்கும் ஒட்டுநாடாவை இட்டோம். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, நாடா பழுப்பேறித் தானே உதிர்ந்து, கீழிருந்த எழுத்தின்மேல் எண்ணெய்க் கறையை விட்டிருந்தது. பசை தடவிய இடங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. கடிதங்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது என்ன என்பதை இனி எவரும் அறிய வழியில்லை. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றும் தென்பட்டது. அந்தப் பேரேட்டை நம் வீட்டார் எவரும் அதுவரை புரட்டிப் பார்த்ததே இல்லை. எல்லாம் இருந்த காரணத்தால் அதில் எதுவும் கண்ணில் படவில்லை.

மொகலாயர் அவையில் படத்தொகுப்பு ஏட்டிற்கு ‘முரக்கா’ என்று பெயர். ஒட்டுப்போட்டது என்பது அச்சொல்லின் பொருள். சூஃபித் துறவியர் அணிந்த ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இதே பெயர் உண்டு. 1605 முதல் 1627 வரை ஆட்சிபுரிந்த ஜஹாங்கீருக்காகத் தொகுக்கப்பட்ட முரக்கா ஒன்று, ‘குல்ஷன்’ என்ற பெயருடன் இன்று டெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனையில் உள்ளது. அதன் ஏடுகளில் பாரசீக எழுத்தோவியங்களும், அவை ஓவியர்கள் தீட்டிய படங்களும், ஐரோப்பாவிலிருந்து வந்த செப்புத்தகட்டு அச்சுப் படங்களும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. எங்கெங்கோ பிறந்த துண்டுகள் ஒரே புத்தகமாக இசைந்து நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஏட்டின் ஓரங்களில் பொன் வண்ணத்தில் தீட்டிய பூவேலையும் உருவங்களும். மற்றொன்று, ஒழுங்கு. புத்தகத்தைத் திறந்தால் படத்தை எதிர்நோக்கிப் படமும், எழுத்தை எதிர்நோக்கி எழுத்தும் அமையும். சக்கரவர்த்தியின் பொக்கிஷத்தில் பொருளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஏடு தொகுத்தவர்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டே வேலை செய்தார்கள்.

இந்த விதியைத்தான் நாம் தூண்டுகுறிப்பு என்று சொல்லப் போகிறோம். ஏடு தொடங்குமுன் ஒரு சொல்லையோ, ஒரு நிறத்தையோ, ஒரு நிபந்தனையையோ வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துவதை மட்டும் தேடி எடுப்பது. நமக்கு இது புதிதன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். வடமொழிப் புலவர்கள் அதனைச் சமஸ்யாபூர்த்தி என்பர். ‘எதையாவது பாடுக’ என்றால் திகைத்து நிற்கும் புலவரும், ஈற்றடி ஒன்றைக் கையில் கொடுத்தால் பாடிவிடுகிறார். ஒட்டுப் புத்தகமும் அவ்வாறே. வெற்றுத்தாளுக்கு முன் கத்தரியுடன் அமர்ந்தவருக்கு முதலில் வேண்டியது ஓர் ஈற்றடி.

இதற்கு நாம் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கல்கத்தாவில் உருவாயிற்று. ரவீந்திரநாத் தாகூரின் ஒன்றுவிட்ட சகோதரர் மகன் அவனீந்திரநாத் தாகூர், 1905ஆம் ஆண்டு வாக்கில் ‘பாரத மாதா’ ஓவியத்தைத் தீட்டியவர். வங்க ஓவிய மரபின் முதல்வர். 1930இல் அராபிய இரவுக் கதைகளை ஓவிய வரிசையாகத் தீட்டியபின், அவர் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, நாட்டுப்புற ‘யாத்ரா’ நாடகங்களை எழுதுவதில் இறங்கினார். அவற்றுள் ஒன்று, இராமாயணக் கதையை வேடிக்கையாகச் சொல்லும் ‘குத்துர் யாத்ரா’. அதன் கையெழுத்துப் பிரதிக்கு அவர் படம் வரையவில்லை என்பதுதான் வியப்பு. நாட்டின் தலைசிறந்த ஓவியர், நாளிதழ்களையும் விளம்பரங்களையும் கடைச் சரக்குகளின் மேலுறைகளையும் கத்தரித்து, தம் கையெழுத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்தார்!

அவருடைய ஈற்றடி இராமாயணம். அதற்குரிய படங்களை அன்றாடக் குப்பையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் சிரிப்புப் பிறக்கிறது. காவியத்தின் அரசர்களும் அரக்கர்களும் அன்றைய அங்காடி விளம்பரங்களின் முகமூடியை அணிந்துகொண்டு வருகின்றனர். 1930களிலும் 1940களின் தொடக்கத்திலுமாகத் தயாரான இந்த ஏடு, அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1951இல் காலமானார்; ஏடு 2009இல்தான் உள்ளபடியே நூலாக வெளிவந்தது. இராமகதையைத் தேடி இதைத் திறப்பவர் அக்காலக் கல்கத்தாவில் என்ன விற்றார்கள், எவ்வாறு விளம்பரம் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். அவ்விளம்பரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எவராவது அப்போது நினைத்திருப்பாரா?

சாந்திநிகேதனில் மற்றொரு கலைஞர் காகிதத்தை வேறு காரணத்தால் நாடினார். 1904இல் பிறந்த வினோத் பிஹாரி முகர்ஜி, இளமை முதலே பார்வைக் குறைவு உடையவர். ஆயினும் 1946-47இல் அங்கே இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்க்கையைப் பெரும் சித்திரமாகத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருக்குப் பார்வை முற்றும் போயிற்று. ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது? அவர் வண்ணத்தாள்களை எடுத்து, மடித்து, வெட்டி, ஒட்டத் தொடங்கினார். மடிப்பின் விளிம்பு விரலுக்குத் தெரியும். கத்தரி சென்ற வழியைக் கை அறியும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாளின் தடிப்பை நுனிவிரல் அளக்கும். இவ்வகையில் உருவான வெட்டுப் படங்களில் மனிதர்கள் அமர்கிறார்கள், குனிகிறார்கள், வேலை செய்கிறார்கள்; தேவையற்ற கோடு ஒன்றுகூட இல்லை. அவருடைய மாணவராயிருந்த சத்யஜித் ராய் 1972இல் அவரைப்பற்றி ‘அகக்கண்’ என்னும் பொருள்படும் பெயரில் குறும்படம் ஒன்று எடுத்தார். அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் தவறவிட வேண்டாம்.

காகிதம் வெட்டுவதில் கைத்திறன் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று அறிய வேண்டுமானால் மதுரா, பிருந்தாவனத்துச் ‘சாஞ்சி’ வேலையைப் பார்க்க வேண்டும். புரட்டாசியை ஒட்டி வரும் மஹாளய பட்ச நாட்களில், ராதாரமணர் கோயில் முதலிய இடங்களில் வண்ணப் பொடிகளால் கண்ணன் லீலைகளைக் கோலமாக இடுகிறார்கள். அதற்கு வேண்டிய துளைத்தாள்களை நுண்ணிய முனையுள்ள கத்தரியால் வெட்டி எடுப்பதே அக்கலை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாள் வேண்டும். ஒன்றை வைத்துப் பொடி தூவி, சிறிதும் அசையாமல் எடுத்து, அடுத்ததை வைப்பார்கள். அன்றைய கோலம் அழிந்துவிடும். மறுநாளைக்கு வேறு படம். இங்கே ஈற்றடியைக் கொடுப்பது கோயில் மரபு.

துளைத்தாள் வெட்டுவோருக்கு ஒரு முக்கியமான விதி உண்டு. மயிலின் கண்ணைச் சுற்றி வட்டமாக வெட்டிவிட்டால் கண்ணே விழுந்துவிடும். ஆகையால் உள்ளிருக்கும் துண்டை வெளித்தாளுடன் இணைக்கும் குறுகிய பாலங்களை ஆங்காங்கே விட்டு வெட்ட வேண்டும். வீட்டில் முயல்வோர் முதற்படத்திலேயே இதை மறந்து விடுவார்கள். நாமும் மறந்தோம், நம் பசுவுக்கு முகம் இல்லாமற் போயிற்று.

இனி வீட்டில் ஓர் ஏடு தயாரிக்கும் முறையைப் பார்ப்போம். ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல்லைத் தூண்டுகுறிப்பாக எடுத்துக் கொள்வோம். நிபந்தனை, ஒருவருக்கு ஒரு துண்டு என்பது. வீட்டில் இருப்போர், இருந்தோர் ஆகியவர்களின் கையெழுத்தைத் தேடத் தொடங்கியவுடன் நம் கண் மாறிவிடுகிறது. பாட்டியார் எழுதிய கடிதம் ஒன்றும் கிடைக்காமற் போகலாம். ஆனால் பால்கணக்கு எழுதிய காலண்டர் தாளில் அவருடைய எண்கள் இருக்கும். ஊறுகாய்க்கு அளவு குறித்த துண்டு, சமையற் புத்தகத்தின் நடுவில் கிடைக்கும். நேற்றுவரை எடைக்குப் போகவிருந்த காலண்டர், இன்று அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது.

அந்தக் கடிதங்களை ஒட்டாதீர்கள். ஏட்டில் அவற்றிற்கு ஒரு பை செய்யுங்கள். கெட்டித்தாள் ஒன்றை எடுத்து, கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மேல்நோக்கி மடித்து, இரண்டு பக்க ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாகப் பசையிட்டு அழுத்தினால் பை ஆயிற்று. பைக்குள் கடிதம் தளர்வாக இருக்கும். வேண்டும்போது எடுத்து, பின்பக்கத்தையும் படிக்கலாம். புகைப்படங்களுக்கு, நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு காகிதக் கூடுகள் போதும். மூலைக்கூட்டைத்தான் ஏட்டில் ஒட்ட வேண்டும். படத்தில் பசை படலாகாது.

பசைக்கு ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே, வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். புத்தகம் கட்டுவோர் பூச்சி வராதிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது நஞ்சு, சிறுவர் கை வைக்கும் வேலைக்கு ஆகாது. கொஞ்சமாகக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுவது நலம். ஒட்டிய ஏட்டை இருபுறமும் உறிஞ்சுதாள் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். அப்படியும் தாள் சுருண்டால், காகிதத்தின் இழை ஓட்டத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள். இயந்திரத்தில் செய்த தாள் ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் முரண்டு செய்யும். ஏட்டுத்தாளும் ஒட்டும் தாளும் ஒரே திசையில் வளையுமாறு அமைந்தால் சுருக்கம் வராது.

நாளிதழ்த் துண்டுகள் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தத் தாள் மரக்கூழில் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் அகற்றப்படாமல் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளித்து அமிலமாகி, தான் உளுத்துப் போவதோடு எதிர்ப்பக்கத்தையும் கறைப்படுத்தும். நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஒட்டி, மூலத்தைத் தனி உறையில் வைப்பது அறிவுடைமை. ஏட்டிற்கு, ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதம் மிகவும் ஏற்றது. பல தலைமுறை நிற்கும். இக்காலத்துக் கடை ரசீதுகளையும் பேருந்துச் சீட்டுகளையும் நம்பவே கூடாது. அவற்றுள் பல மையில் அச்சிடப்படுபவையல்ல. வெப்பத்தால் கருக்கும் தாளில் பதிபவை. சில ஆண்டுகளில் எழுத்து தானே மறைந்து வெறும் தாள் மிஞ்சும். முன்னாளில் ரயில் நிலையத்தில் கொடுத்த சிறு கெட்டியட்டை டிக்கெட்டு இன்றும் படிக்கும்படி இருக்கிறது. சென்ற ஆண்டுப் பயணச்சீட்டு வெளுத்துவிட்டது.

கையெழுத்து முடிந்தால் வேறு குறிப்புகள் உண்டு. நீலநிறம் மட்டும், அல்லது ஒரு பயணத்தில் விலை கொடுக்காமல் கைக்கு வந்த தாள்கள் மட்டும், அல்லது முன்பு வீட்டில் இருந்து இப்போது இல்லாத ஒரு பொருள். கடைசியாகச் சொன்னது கடினம். ஆட்டுக்கல்லுக்கு ஏது படம்? அதைக் கறுப்புத்தாளில் வெட்டித்தான் செய்ய வேண்டும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் ஒருபோதும் காணாத ஆட்டுக்கல்லைத் தன் பாட்டியாரிடம் கேட்டுக் கேட்டு வெட்டியதை நாம் பார்த்தோம். குழவி பெரியதாகிவிட்டது என்று பாட்டியார் இரண்டு முறை திருத்தச் சொன்னார். மூன்றாம் முறை அவரே கத்தரியை வாங்கிக்கொண்டார்.