சந்தைப் பெண்கள் தேர்ந்தெடுத்த அதிபர்

2006 ஜூலை 26, லைபீரியாவின் சுதந்திர தினம். அன்று தலைநகர் மன்ரோவியாவின் சில தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகரத்துக்கு அரசு தந்த முதல் வெளிச்சம் அது. போர்க்காலத்தில் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெருவிளக்கே புதுசு. அதற்கு ஆறு மாதம் முன்புதான் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதிபராகப் பதவியேற்றிருந்தார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் அவர்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்ற பெருமையோடு நின்றுவிடுகிறது. அவர் 12 ஆண்டுகள் ஆண்ட நாடு என்ன ஆனது என்று கேட்பதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

போர் தின்ற நாடு

அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847-ல் நிறுவிய குடியரசு லைபீரியா. மக்கள்தொகையில் சுமார் ஐந்து சதவீதமே இருந்த அந்தக் குடியேறிகளின் வம்சத்தார் 133 ஆண்டுகள் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார்கள். காலங்காலமாக அங்கேயே வாழ்ந்துவந்த கிபெல்லே, குரூ, கோலா போன்ற இனத்தவருக்கு அதிகாரமும் கல்வியும் எட்டவில்லை. 1926-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை நிலம் தர ஒப்பந்தம் போடப்பட்டது. குத்தகைக் காலம் 99 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆறு சென்ட். ரப்பர் கப்பலேறிப் போனது. அதைக் கொண்டு பொருள் செய்யும் தொழில் உள்ளூரில் வளரவில்லை.

உள்ளே புகைந்த கோபம் 1980-ல் ராணுவப் புரட்சியாக வெடித்தது. அதிபர் டோல்பர்ட் கொல்லப்பட்டார். அமைச்சர்களும் உயர் அதிகாரிகளுமாக 13 பேர் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்த சர்லீஃப் உயிர் தப்பினார். பிறகு ராணுவ ஆட்சியை விமர்சித்ததற்காகச் சிறை சென்றார். நாட்டைவிட்டு வெளியேறி வாழவும் நேர்ந்தது.

1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர், சிறு இடைவெளியோடு 2003 வரை நீடித்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள். சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. மன்ரோவியாவுக்கு மின்சாரம் தந்த மவுண்ட் காஃபி நீர்மின் நிலையம் நாசமானது.

போரை முடிவுக்குத் தள்ளியதில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. லேமா போவி தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடை அணிந்து, மன்ரோவியாவின் மீன் சந்தைக்கு அருகே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ரா நகரில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்தின் வாசலை மறித்து அமர்ந்தார்கள். 2003 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2005 தேர்தலின் முதல் சுற்றில் முந்தியவர் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வியா. அந்தத் தேர்தலுக்காகப் பெண்கள் அமைப்பினர் சந்தை சந்தையாகப் போனார்கள். கடைக்காரப் பெண்கள் வாக்காளராகப் பதிவு செய்துவிட்டு வரும்வரை அவர்களின் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் 59 சதவீத வாக்குகளோடு சர்லீஃப் வென்றார்.

அரசைக் கட்டியெழுப்பிய காலம்

அவர் கைக்கு வந்த அரசின் ஆண்டு பட்ஜெட் சுமார் எட்டுக் கோடி டாலர். வெளிக்கடனோ சுமார் 490 கோடி டாலர். ஹார்வர்டில் படித்து, சிட்டிபேங்க், உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்று பணியாற்றிய அனுபவம் அவருக்கு இங்கே கைகொடுத்தது. கடன் கொடுத்தவர்களின் மொழி அவருக்குத் தெரியும். நிதி நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தி, நிபந்தனைகளை நிறைவேற்றி, 2010-க்குள் அந்தக் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்யவைத்தார்.

மரத்துக்கும் வைரத்துக்கும் இருந்த ஐ.நா. தடைகள் 2006, 2007-ல் விலகின. ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தோடு முந்தைய இடைக்கால அரசு போட்ட இரும்புத்தாது ஒப்பந்தத்தை அவர் மறுபடி பேசி நாட்டுக்குச் சாதகமாக மாற்றினார். தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வந்தது. தகவல் அறியும் சட்டம் 2010-ல் நிறைவேறியது. சந்தைப் பெண்களுக்கென ஒரு நிதியம் தொடங்கி, கழிப்பறையும் குடிநீரும் உள்ள சந்தைக் கட்டடங்களை எழுப்பினார்கள்.

அமைதி காத்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2007-ல் அங்கே போன இந்தியப் பெண் காவலர் படை, ஐ.நா. அனுப்பிய முதல் முழுப் பெண் காவல் படை. அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்களும் காவல்துறையில் சேர ஆர்வம் கொண்டார்கள்.

2011-ல் லேமா போவி, ஏமனின் தவக்குல் கர்மான் ஆகியோரோடு சர்லீஃபுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எட்டாமல் போனவை

வளர்ச்சி விகிதம் ஏறியது. ஆனால், அது இரும்புத்தாதுவையும் ரப்பரையும் நம்பிய வளர்ச்சி. கச்சாப்பொருளை ஏற்றுமதி செய்து பிழைக்கும் பழைய பாதையிலிருந்து நாடு விலகவில்லை. இளைஞர்களுக்கு வேலை போதவில்லை. 2013-ல் லைபீரியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிய சுமார் 25,000 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள், கல்வி வரவில்லை.

2014-ல் எபோலா தாக்கியபோது சுகாதாரத் துறையின் பலவீனம் அம்பலமானது. 4,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் பலியானார்கள். வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியை ஆயுதப் படைகளை வைத்து அடைத்த முடிவு கலவரத்தில் முடிந்தது. மக்களே முன்வந்து நோயாளிகளைக் கண்டறியவும் இறந்தோரைப் பாதுகாப்பாக அடக்கம் செய்யவும் ஒத்துழைத்த பிறகுதான் நோய் அடங்கியது. அதே நேரத்தில் தாதுவின் விலையும் சரிந்து பொருளாதாரம் படுத்தது.

சர்லீஃப் மீது நேரடியான குற்றச்சாட்டுகளும் உண்டு. மகன்களை முக்கியப் பொறுப்புகளில் அமர்த்தியதை, அவரோடு நோபல் பெற்ற லேமா போவியே கண்டித்தார். போரைத் தொடங்கிய கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரை ஆரம்பத்தில் ஆதரித்ததற்காக, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அவரை 30 ஆண்டுகள் பதவி வகிக்கத் தடை செய்யப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டெய்லரைச் சியரா லியோன் போர்க்குற்றங்களுக்கான சிறப்பு நீதிமன்றத்திடம் ஒப்படைக்க நைஜீரியாவைக் கேட்டுக்கொண்டவரும் இதே சர்லீஃப்தான். ஆனால், லைபீரியாவில் நடந்த போர்க்குற்றங்களுக்கு உள்நாட்டில் யாரையும் அவர் ஆட்சி விசாரிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய மிகப்பெரிய சாதனை பதவியைவிட்டு இறங்கிய விதம்தான். 2018 ஜனவரியில் தேர்தலில் வென்ற ஜார்ஜ் வியாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் மற்றொருவருக்கு அமைதியாகப் பதவி மாற்றியது 1944-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2023-ல் தோற்ற வியாவும் முடிவை ஏற்று விலகினார். துப்பாக்கியால் ஆட்சி மாறிய நாட்டில் வாக்குச்சீட்டு வழக்கமாகியிருக்கிறது.

ஆனால், லைபீரிய நாடாளுமன்றத்தில் பெண்கள் இன்றும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். ஒரு பெண்ணை உச்சியில் அமர்த்தினால் மற்ற பெண்களுக்கும் வழி தானாகத் திறந்துவிடும் என்று நம்புவது தவறு. கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில், பள்ளியின் தரத்தில், மருத்துவமனையின் படுக்கையில் மாற்றம் வர வேண்டும். சர்லீஃப் ஓர் அரசுக்கு அடித்தளம் போட்டார். மீதி வேலை அவருக்குப் பின்னால் வந்த ஆண்களின் பொறுப்பு. முதல் பெண்ணிடம் கேட்ட அத்தனை கேள்விகளையும் அவர்களிடமும் கேட்போம்.