தேயிலை உலையும் நுரைப் பீங்கானும்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் விறகே தருகின்றது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர் இந்நிலை மேலும் வலுத்தது. உலைச் சுவர் வழியே இழக்கப்படும் வெப்பத்தை ஈடுசெய்ய மேலும் மரம் வெட்டப்படுகின்றது. அவ்வெப்பத்தை விறகிடும் தொழிலாளியின் உடலும் ஏற்கின்றது. ஆகவே வெப்பக் காவலி மலையகத்துக்கு வெறும் ஆய்வுகூடப் புதுமையன்று.

சாதாரண தீக்களிமண் செங்கல் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நன்கு தடுக்காது. அதன் வெப்பக் கடத்தாறு மீற்றர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 1 உவாற்று. அசையாத வளியினதோ அறை வெப்பநிலையில் 0.026 மட்டுமே. அவ்வளியைத் தீயில் உருகாத பொருளொன்றினுள் சிறைப்படுத்துவதே நுரைப் பீங்கானின் தத்துவம். களிமண்ணுடன் மரத்தூளையோ உமியையோ கலந்து சுட்டால், அவை எரிந்தகன்ற இடங்கள் துளைகளாகும். சுவாட்சுவால்டர், சோமர்சு ஆகியோர் 1963இல் காப்புரிமை பெற்ற முறை வேறு: பொலியூரேதேன் பஞ்சைப் பீங்கான் குழம்பில் தோய்த்துச் சுடுவர்; பஞ்சு எரிந்துவிட, அதன் வடிவம் எஞ்சும். அத்தகைய திறந்த துளைகள் உருகிய உலோகத்தை வடிப்பதற்கே பெரிதும் உதவுகின்றன. காவலிக்குச் சிறு துளைகளே ஏற்றவை. வெப்பநிலை உயர உயர, பெருந்துளைகளினூடே கதிர்வீசலால் வெப்பம் கடந்துவிடும்.

நுண்ணலையை உறிஞ்சுதல் இன்னொரு பண்பு. தூய அலுமினா, குறைந்த வெப்பநிலையில் நுண்ணலையைப் பெரும்பாலும் ஊடுருவவிடும். சிலிக்கன் காபைட்டு அதனை உறிஞ்சி வெப்பமாக்கும். செறிந்த திண்மத்தின் முகப்பிலே அலையின் கணிசமான பகுதி தெறித்துவிடும். நுரையின் மின்னியல்பு வளியினதை அணுகுவதால், அலை உட்புகுந்து துளைச் சுவர்களிடையே தெறித்துத் தெறித்து நலிகின்றது.

இங்கு உமி மீண்டும் வருகின்றது. அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. வளியின்றி உமியைக் கரியாக்கினால் சிலிக்காவும் காபனும் நெருங்கிக் கலந்திருக்கும். அதிலிருந்து சிலிக்கன் காபைட்டைப் பெறலாமென யூட்டா பல்கலைக்கழகத்தின் கட்லரும் லீயும் 1970களில் காட்டினர். மகியங்கனை வயல்களும் பதுளை மாவட்டத்தனவே; உமிக்குப் பஞ்சமில்லை. எனினும் 1500 பாகை செல்சியசு அளவான வெப்பம் சிறு சூளைகளுக்கு எட்டாது. உமி கலந்த காவற் செங்கலோ எட்டக்கூடியது. தேயிலைத் தொழினுட்பத்தையும் கனிய வளத் தொழினுட்பத்தையும் ஒருங்கே கற்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே உள்ளது. இரு துறையினரும் கூடிச் செய்யத்தக்க பணி இது.

ஓர் எச்சரிக்கை. உயர் வெப்பத்தில் உமிச் சிலிக்கா பளிங்குருப் பெறும். அதன் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும். செங்கல்லை வெட்டுபவருக்கும் பழைய உலையை இடிப்பவருக்கும் வேண்டிய சுவாசக் காப்பும், தூசு எழாமல் நீர் தெளிக்கும் ஏற்பாடும் செலவுக் கணக்கின் முதல் வரியிலேயே இடம்பெறல் வேண்டும்.